நான்கு கோடை, ஒரு குளம், வற்றிக்கொண்டே இருந்த தண்ணீர்

போன மாதம்தான் குளத்தைச் சுற்றியிருந்த ஓரக்கற்கள் அத்தனையையும் பெயர்த்து எடுத்துத் திரும்ப அடுக்கி முடித்தேன். முதுகுவலி இன்னும் விடவில்லை. அந்த நேரம் பார்த்து நண்பர் ஒருவர் போனில் கேட்டார்: "கொல்லையில கொஞ்சம் இடம் சும்மா கிடக்கு. உங்க வீட்டுக் குளம் மாதிரி ஒண்ணு தோண்டலாம்னு பாக்கறேன். என்ன சொல்றீங்க?" அப்போது என்னால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். யோசித்ததைத்தான் எழுதுகிறேன்.

குளம் 3 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், நடுவில் 60 செ.மீ. ஆழம். சுற்றிலும் செடித்தொட்டி வைக்க ஒரு படி. சுமார் 2500 லிட்டர் பிடிக்கும். உள்ளே 1 மி.மீ. ஈ.பி.டி.எம். ரப்பர் ஷீட், அடியில் கெட்டியான ஃபெல்ட் விரிப்பு, மணிக்கு 2000 லிட்டர் தள்ளும் சிறிய பம்ப். இவற்றைப் பற்றி எழுத அதிகமில்லை. நான்கு கோடை வெயில் பட்டும் ஷீட்டில் ஒரு வெடிப்பு இல்லை. பம்ப் மூன்று முறை நின்றது. மூன்று முறையும் இம்பெல்லரில், அதாவது உள்ளே சுழலும் விசிறியில், நூல்பாசி சுற்றியிருந்தது. கழற்றிக் கழுவி மாட்டப் பத்து நிமிடம். பொருள்கள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. எனக்கு இருந்த கோபமெல்லாம் தண்ணீர் மட்டத்தின் மேல்தான்.

முதல் கோடையிலேயே மட்டம் இறங்கத் தொடங்கியது. தினமும் ஒரு விரல் அகலத்துக்குக் கொஞ்சம் குறைவு. கோடையில் ஆவியாகத்தானே செய்யும் என்று விட்டுவிட்டேன். காலையில் குழாயைத் திறந்து நிரப்புவேன், மறுநாள் காலை மறுபடி கரையோரம் கறுப்பு ரப்பர் பட்டையாகத் தெரியும். அந்தக் கறுப்புப் பட்டையைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும். அல்லி பூத்திருக்கும், மீன்கள் மேலே வந்து வாயைத் திறக்கும், நான் மட்டும் அந்தப் பட்டையையே பார்த்துக்கொண்டு நிற்பேன்.

இரண்டாம் கோடையில் சரி, ஓட்டைதான் என்று முடிவுகட்டினேன். ஓட்டையைக் கண்டுபிடிக்கச் சொல்லப்படும் வழி எளிமையானது: நிரப்புவதை நிறுத்து, மட்டம் எங்கே போய் நிற்கிறதோ அந்த உயரத்தில் தேடு. விட்டுப்பார்த்தேன். கரையிலிருந்து சுமார் 5 செ.மீ. இறங்கியதும் வேகம் சட்டென்று குறைந்தது. அந்த உயரத்தில் சுற்றிலும் விரலால் தடவிப் பார்த்தேன். பம்ப்பை நிறுத்தி, அசையாத தண்ணீரில் சொட்டுச் சொட்டாகப் பால் விட்டுப் பார்த்தேன். ஓட்டை இருந்தால் பால் அந்தப் பக்கம் இழுபடும். எங்கும் இழுபடவில்லை. ஆனாலும் ஒரு மூலையில் ஷீட் மடிந்திருந்த இடம் கண்ணை உறுத்தியது. அங்கேதான் என்று மனது சொல்லிவிட்டது.

அந்த மடிப்புக்காகக் குளத்தைப் பாதி இறைத்தேன். மீன்களைத் தொட்டிக்கு மாற்றினேன். தாமரைத் தொட்டியை வெளியே தூக்கி வைத்ததில் இரண்டு மொட்டுகள் கருகின. ஓரக்கற்களை அந்தப் பக்கம் மட்டும் நகர்த்தி, புல்லை வெட்டி, ரப்பரைத் துடைத்துக் காயவைத்து, பிரைமர் தடவி ஒட்டுப் போட்டேன். மூன்று வாரம் மட்டம் ஓரளவு நின்றது! அப்புறம் மழை வந்துவிட்டது. ஒட்டு வேலை செய்துவிட்டது என்றே நம்பிக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் கோடையில் கறுப்புப் பட்டை திரும்பி வந்தது.

இந்தத் தடவை எதையும் இறைக்காமல் முதலில் அளந்தேன். முதல் வருடமே செய்திருக்க வேண்டிய வேலை. ஒரு வாளியில் குளத்துத் தண்ணீரை நிரப்பிப் படியின் மேல், பாதி உயரம் குளத்துக்குள் இருக்கும்படி வைத்தேன். அப்படி வைத்தால் இரண்டுக்கும் ஒரே சூடு, ஒரே காற்று. வாளிக்குள் ஒரு கோடு, குளத்தின் மட்டத்துக்கு வாளியின் வெளிப்புறத்தில் ஒரு கோடு. பம்ப்பை அணைத்து 24 மணி நேரம். வாளி 6 மி.மீ. இறங்கியிருந்தது, குளம் 13 மி.மீ. ஆவியாகப் போனது 6 என்றால் மீதி 7 மி.மீ. வேறெங்கோ போகிறது. ஒரு சதுர மீட்டரில் ஒரு மி.மீ. என்பது ஒரு லிட்டர். குளத்தின் பரப்பு 6 சதுர மீட்டர், ஆக நாளுக்கு 42 லிட்டர். அறுபது நாளில் ஒரு முழுக் குளத்தை மண் குடித்திருக்கிறது.

எங்கே போகிறது என்பதைக் காட்டியவை ஜின்னியாக்கள். ஒரு நாள் உச்சிவெயிலில் தோட்டம் முழுக்கத் தலை தொங்கிக் கிடந்தது. பத்துமணிப் பூ மட்டும் சிரித்துக்கொண்டிருந்தது, அதற்கு வெயில் ஒரு பொருட்டே இல்லை. ஆனால் குளத்தை ஒட்டிய ஒன்றரை அடிப் பட்டையில் இருந்த ஜின்னியாவும் கல்வாழையும் அப்போதுதான் தண்ணீர் விட்டதுபோல நிமிர்ந்து நின்றன. அந்தப் பட்டைக்கு நான் நான்கு நாளாகத் தண்ணீர் விடவில்லை. மண்ணைக் கிளறினேன். கையில் ஒட்டும் அளவுக்கு ஈரம்.

அப்புறம்தான் கரையில் குனிந்து பார்த்தேன். ஓரக்கற்களின் இடுக்கு வழியாக வல்லாரை கொடி ஓடி, வேரைத் தண்ணீரில் தொங்கவிட்டிருந்தது. புல்லின் வேரும் அப்படியே. கற்களுக்கு அடியில் இருந்த மண் தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருந்தது. விளக்குத் திரி எண்ணெயை மேலே இழுப்பதுபோல அந்த வேரும் மண்ணும் சேர்ந்து தண்ணீரை ஷீட்டின் விளிம்புக்கு மேல் ஏற்றி, வெளியே இறக்கிக்கொண்டிருந்தன. இரவும் பகலும், சுற்றளவு முழுக்க. 5 செ.மீ. இறங்கியதும் வேகம் குறைந்தது ஏன் என்றும் புரிந்தது: அதற்குக் கீழே மண் தொடுவதில்லை, வேர் எட்டுவதில்லை. போன முறை ஒட்டுப் போட்டபோது மட்டம் நின்றது, அந்தப் பக்கத்துப் புல்லையும் கற்களையும் நான் அகற்றியதால். ஒட்டு சும்மா ஒட்டிக்கொண்டிருக்கிறது, இன்றைக்கும்.

எனக்கு ஷீட் விற்றவர் மேல் இன்னும் கோபம் ஆறவில்லை. ஆழம் எவ்வளவு, தடிமன் எவ்வளவு, பம்ப் எத்தனை லிட்டர் என்று ஒரு மணி நேரம் பொறுமையாகச் சொன்னார். ஷீட் அளவுக்கு நீளத்தோடு இரண்டு மடங்கு ஆழத்தையும் கூட்டி, ஓரத்துக்கு 60 செ.மீ. சேர்க்கச் சொன்னார்; அந்தக் கணக்கு துல்லியம். ஓரத்தைப் பற்றி மட்டும் "மண்ணில புதைச்சுக் கல்லை வச்சுடுங்க" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். அந்த ஒரு வரியின்படி செய்ததுதான் இத்தனைக்கும் காரணம். அவர் வேண்டுமென்று சொல்லியிருக்க மாட்டார். வல்லாரையைக் கரையில் நட்டதும் அவர் இல்லை, நான்தான். இருந்தாலும் கோபம் இருக்கிறது.

மூன்றாம் கோடை முழுக்க வல்லாரையை வெட்டி வெட்டியே சமாளித்தேன். வாரம் ஒருமுறை வெட்டினாலும் மறுவாரம் வந்து நிற்கும். இந்தக் கோடையில்தான் முழுதாகச் சரிசெய்தேன். கற்களை எல்லாம் எடுத்து, புதைந்திருந்த ஷீட் விளிம்பைத் தோண்டி வெளியே இழுத்து, இரண்டு வரிசைக் கற்களுக்கு நடுவே செங்குத்தாக நிறுத்தினேன். விளிம்பின் நுனி இப்போது தண்ணீருக்கு மேல் 5 செ.மீ. உயரத்தில் நிற்கிறது. வெளிப்பக்கம் ஒரு சாண் அகலத்துக்கு மண்ணே இல்லாமல் கூழாங்கல் மட்டும். உள்ளே இருக்கும் ஈரமும் வெளியே இருக்கும் மண்ணும் எங்கும் தொட்டுக்கொள்வதில்லை. சுற்றிலும் ஒரே மட்டமாக இருக்கிறதா என்று நீளப் பலகை போட்டு ரசமட்டம் வைத்துப் பார்க்க வேண்டும்; ஒரு பக்கம் தாழ்ந்திருந்தால் அந்தப் பக்கமே வழியும். மூன்று நாள் வேலை. முடித்துவிட்டு மறுபடி வாளி வைத்தேன். வாளி 6, குளம் 6. அந்த இரண்டு கோடுகளையும் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியவில்லை.

கசிவு நின்றதும் இன்னொன்றும் நின்றது. தினமும் 42 லிட்டர் புதுக் குழாய்த் தண்ணீர் கூடுதலாக ஊற்றும்போது அதோடு குளோரினும் உப்பும் பாசிக்கான உரமும் சேர்ந்தே போய்க்கொண்டிருந்தன. ரப்பரில் படியும் வெள்ளைக் கோட்டுக்கு அந்த உப்புதான் காரணம். நூல்பாசி இப்போது பாதிகூட இல்லை. பச்சைத் தண்ணீருக்கு மருந்து தேடுகிறவர்கள் முதலில் தங்கள் குளம் தினம் எவ்வளவு குடிக்கிறது என்று அளந்து பார்க்கலாம். பரப்பில் பாதிக்கு மேல் இலை நிழல் இருந்தால் மீதிப் பாசியும் அடங்கும்.

இனி குளம் தந்ததைச் சொல்லாவிட்டால் அநியாயம்.

இரண்டாம் கோடையில் ஒரு செவ்வல்லிக் கிழங்கு போட்டேன். இரவில் பூப்பது. எல்லாச் செடியும் வெயிலில் வாடி, மனிதரும் வாடி உட்கார்ந்திருக்கும் நாளின் கடைசியில், இருட்டத் தொடங்கும்போது அது மெல்ல விரியும். தண்ணீருக்கு மேல் ஒரு சாண் உயரத்தில், சிவப்பாக. மறுநாள் வெயில் ஏறும்வரை விரிந்திருந்து பிறகு மூடிக்கொள்ளும். மூன்று நான்கு இரவுகள் இப்படி விரிந்து மூடி, அப்புறம் காம்பு வளைந்து பூ தண்ணீருக்குள் இறங்கிவிடும். இதை நான்கு பேர் சொல்லிக் கேட்டிருந்தாலும் முதல் இரவு பார்த்தபோது உள்ளே போய் வீட்டிலிருந்த எல்லோரையும் எழுப்பிக் கூட்டிவந்தேன். தும்பிகளும் அப்படித்தான். அவற்றை யாரும் கொண்டுவந்து விடவில்லை. ஒரு விடியலில் கோரைத்தண்டில் ஒரு புழுவின் காய்ந்த தோல் ஒட்டியிருந்தது, அதற்கு மேலேயே தும்பி சிறகு காயவைத்துக்கொண்டிருந்தது. தண்ணீருக்குள் இருந்த காலமெல்லாம் கொசுப்புழுவைத் தின்று வளர்ந்தது அது.

அல்லிக்குப் பெரிய பக்குவம் தேவையில்லை, சிலவற்றைத் தவிர. களிமண்ணில் நடுங்கள், தொட்டிச்செடிக்கான இலேசான கலவை மிதந்து வெளியே வந்துவிடும். மேலே ஒரு விரல் கனத்துக்குக் கூழாங்கல் போட்டால் மீன் கிளறாது. கோடையில் மாதம் ஒருமுறை உரமாத்திரையை வேருக்குப் பக்கத்தில் ஆழமாக அழுத்திவிட வேண்டும், தண்ணீரில் கரையவிட்டால் பாசிக்குத்தான் விருந்து. நீரூற்றுத் தெறிக்கும் இடத்தில் அல்லி வராது. பழுத்த இலையை அன்றன்றே எடுத்துவிடுங்கள். முக்கியமாக, கோடை இரவில் பம்ப்பை அணைக்காதீர்கள். சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவாகத்தான் கரையும்; இரவில் செடிகளும் சேர்ந்து அதை எடுத்துக்கொள்ளும். விடியலுக்கு முன்னால்தான் மிகக் குறைவு. மின்சாரத்தை மிச்சம் பிடிக்க அணைத்து வைத்து, ஒரு விடியலில் ஆறு மீன்களை இழந்திருக்கிறேன்.

கரையைச் சரிசெய்த பிறகு அந்த ஜின்னியாக்கள் வாடத் தொடங்கிவிட்டன. இப்போது வாரம் ஒருமுறை குளத்திலிருந்து கொஞ்சம் தண்ணீர் எடுத்து, குழாய் வைத்து அவற்றுக்குப் பாய்ச்சுகிறேன். மீன் கழிவு கலந்த தண்ணீர் என்பதால் செழிக்கின்றன. ஆனாலும் யாரும் விடாமல் தானாகக் குடித்து நின்ற அந்த நாட்களின் பச்சை திரும்பவில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு.

சரி, நண்பருக்குப் பதில். இத்தனை சொன்ன பிறகும் சொல்கிறேன்: தோண்டாதீர்கள். உங்கள் வீட்டில் இப்போதுதான் நடக்கப் பழகும் குழந்தை இருக்கிறது, கோடை விடுமுறைக்கு நீங்கள் மூன்று வாரம் ஊரில் இருக்க மாட்டீர்கள். அதைவிட, கற்களைத் தூக்கிய கை வலி ஆறாத இந்த வாரத்தில் இன்னொருவரைக் குளம் தோண்டு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அடுத்த மாதம் கேட்டால் வேறு மாதிரி சொல்வேனோ என்னவோ.

அதுவரை ஒரு தொட்டி வையுங்கள். 60 செ.மீ. வாய் அகலம், 45 செ.மீ. ஆழம், அடியில் துளை இல்லாதது. மேலே கெட்டியான கம்பி வலை போட்டுக் கட்டிவிடுங்கள், குழந்தைக்காக. தொட்டியின் விளிம்பு மண்ணைவிட்டு உயரத்தில் நிற்கும், அதனால் எந்த வேரும் அதைக் குடிக்காது. நான்கைந்து கப்பி மீன் விட்டால் கொசுப்புழு தங்காது. செவ்வல்லியில் பக்கக் கிழங்கு இரண்டு விட்டிருக்கிறது. ஒன்றை உங்களுக்கென்று எடுத்து ஈர மணலில் வைத்திருக்கிறேன். வெயில் தாழ்ந்த பிறகு வாருங்கள், பூ விரிவதைப் பார்த்துவிட்டு எடுத்துப்போகலாம்.