ஞாயிற்றுக்கிழமை காய் ஆய்ந்து வைக்கும் முறை: மூன்று வருடம் கடைப்பிடித்த அனுபவம்

எங்கள் வீடு மேல் குன்னூரில் இருக்கிறது. நான் ஊட்டியில் ஒரு அலுவலகத்தில் கணக்கு பார்க்கிறேன். வீட்டுக்காரருக்கு அருவங்காடு பக்கம் ஷிப்ட் வேலை. இரண்டு பிள்ளைகள், அத்தை, நாங்கள் இருவர் என்று வீட்டில் ஐந்து பேர். சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி, படியேறி வீட்டுக்குள் நுழையும்போது மணி ஏழாகிவிடும். அதற்கப்புறம்தான் அடுப்பு.

கேரட்டும் பீன்ஸும் முட்டைக்கோஸும் விளைகிற மலையில் இருந்துகொண்டு, வாரத்தில் நாலு நாள் உருளைக்கிழங்கு வறுவலும் ரசமும்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். காய் வாங்காமல் இல்லை. வாங்கிய காய் பிரிட்ஜின் கீழ்த்தட்டில் வாடிக் கிடந்தது. ராத்திரி ஏழு மணிக்கு மேல் அவரைக்காய்க்கு நார் எடுக்கவும், கீரை ஆயவும் யாருக்கும் தெம்பு இல்லை. உருளைக்கிழங்கு என்றால் குக்கரில் போட்டால் போதும். அதனால் அதுவே தினமும் வந்தது. 2022 ஜூனில் பள்ளி திறந்த முதல் வாரம், மூன்று நாள் கழித்துப் பார்த்தால் ஒரு கட்டு பாலக் அப்படியே அழுகி, தண்ணீர் விட்டுக் கிடந்தது. அதை எடுத்துக் கொட்டும்போது மனசு கேட்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை ஆரம்பித்ததுதான், வாரத்துக்கான காயை அன்றே ஆய்ந்து வைக்கும் இந்த முறை. மூன்று வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது. எது நின்றது, எது நிற்கவில்லை என்று இப்போது சொல்ல முடியும்.

முதலில் ஒரு வாரம் காயை எடை போட்டுப் பார்த்தேன். ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில், 2000 கலோரி சாப்பிடும் ஒருவருக்கு நாளுக்குக் கீரையும் காயும் சேர்த்து 400 கிராம், பழம் 100 கிராம் என்று இருக்கிறது. நான் எடை போட்டது அதற்கு இரண்டு வருடம் முன்னால். கையில் இருந்தது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு: காயும் பழமும் சேர்த்து நாளுக்குக் குறைந்தது 400 கிராம், அதில் உருளைக்கிழங்கு சேராது. எங்கள் வீட்டில் அந்த வாரம் வந்த காய் 7 கிலோ. அதில் உருளைக்கிழங்கு மட்டும் 3 கிலோ. மிச்சம் 4 கிலோவை ஐந்து பேருக்கும் ஏழு நாளுக்கும் பிரித்தால் தலைக்கு 115 கிராம்கூட வரவில்லை.

இதில் எனக்கு ஒரு தனி வருத்தம் உண்டு. அந்த ஊட்டச்சத்து நிறுவனம் பிறந்த ஊரே குன்னூர்தான். 1918-இல் இங்கே பாஸ்டர் நிறுவனத்தின் ஒரு அறையில், ராபர்ட் மெக்காரிசன் என்ற மருத்துவர் பெரிபெரி நோயைப் பற்றி ஆராயத் தொடங்கினார். தீட்டிய அரிசியையே நம்பிச் சாப்பிடுகிறவர்களுக்குத் தயமின் (வைட்டமின் பி1) சத்து குறைந்து வருகிற நோய் அது. அந்த ஒற்றை அறைதான் வளர்ந்து, 1958-இல் ஐதராபாத்துக்குப் போனது. சிம்ஸ் பூங்கா பக்கம் போகும்போதெல்லாம் அந்தக் கட்டடத்தைப் பார்ப்பேன். சாப்பாட்டில் எது குறைந்தால் என்ன வியாதி வரும் என்று கண்டுபிடித்த ஊரில், என் பிள்ளைகள் தட்டில் வெள்ளைச் சோறும் உருளைக்கிழங்கும் மட்டும் இருந்தது எனக்கு உறுத்தலாகத்தான் இருந்தது.

சரி, முறைக்கு வருகிறேன். ஞாயிறு காலை ஏழு மணிக்கு உழவர் சந்தை. இரண்டு துணிப்பை, ஒரு பெரிய நைலான் கூடை. விளைவித்தவர்களே விற்பதால், இன்று பறித்ததா நேற்றையதா என்று கேட்டால் உண்மையைச் சொல்வார்கள். நான் கற்ற முதல் பாடம் கேரட்டில். கேத்தி பாலாடா பக்கம் பிடுங்கிய கேரட்டை மெஷினில் கழுவி மூட்டை பிடித்துத்தான் மேட்டுப்பாளையம் மண்டிக்கு ஏற்றுவார்கள். அது பளபளவென்று இருக்கும், கை தானாக அதற்குத்தான் போகும். சந்தையில் ஒரு பெரியம்மா மண்ணோடு குவித்து வைத்திருந்தார். "கழுவினது இல்லையா அம்மா?" என்று கேட்டேன். "மண்ணு இருந்தா தாங்கும் கண்ணு. கழுவிட்டா சீக்கிரம் தின்னுறணும்" என்றார். அன்றிலிருந்து மண் கேரட்தான். கழுவியது எங்கள் பிரிட்ஜில் ஒரு வாரத்தில் கருக்க ஆரம்பிக்கும். மண்ணைத் துணியால் துடைத்து, இலையை மட்டும் நறுக்கிவிட்டு வைத்தது மூன்று வாரம் நிற்கிறது. இலையை அப்படியே விட்டால் அது கிழங்கிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும், கேரட் துவண்டுவிடும். பீட்ரூட்டுக்கும் முள்ளங்கிக்கும் இதேதான். நறுக்கிய பீட்ரூட் இலையை எறிவதில்லை. அன்று மத்தியானமே பாசிப்பருப்போடு பொரியல்.

மூன்று மணிக்கு மேல் கூடத்தில் பழைய செய்தித்தாளை விரித்து எல்லோரும் உட்காருவோம். ஒன்றரை மணி நேரம். அத்தை அவரைக்காயை எடுத்துக்கொள்வார். காம்பை ஒடித்து, அந்த ஒடிப்பிலேயே நாரை நுனி வரைக்கும் ஒரே இழுப்பில் உருவிவிடுவார். திருப்பிப் பிடித்து இன்னொரு இழுப்பு. பேசிக்கொண்டே செய்வார், கண் கையில் இருக்காது. சின்னவன் பட்டாணி உரிப்பான். பாதி கிண்ணத்துக்கு, பாதி வாய்க்கு. முதலில் நான் தடுத்தேன், அப்புறம் விட்டுவிட்டேன். பச்சையாகத் தின்றாலும் உள்ளே போவது பட்டாணிதானே. வீட்டுக்காரர் காலிபிளவரைப் பூப்பூவாகப் பிரித்து, உப்பும் மஞ்சளும் போட்ட வெதுவெதுப்பான தண்ணீரில் போடுவார், புழு இருந்தால் மேலே வந்துவிடும். கீரை என் வேலை.

முதல் வருடம் நான் செய்த பெரிய தப்பு, எல்லாவற்றையும் ஞாயிறன்றே கழுவி நறுக்கி டப்பாவில் அடைத்தது. பார்க்க அழகாக இருந்தது. குன்னூருக்கு ஐப்பசி, கார்த்திகையில்தான் கனமழை. அந்த நவம்பரில் துணி நாலு நாளாகியும் காயவில்லை, வீட்டுக்குள் சுவரே ஈரம். கழுவிய பீன்ஸை ஈரத்தோடு மூடி வைத்திருந்தேன். புதன்கிழமை திறந்தால் ஒவ்வொரு துண்டின் முனையிலும் பஞ்சு போல வெள்ளைப் பூஞ்சை. கோஸ் துருவல் புளித்த வாடை அடித்தது. அந்த வாரக் காய் முக்கால்வாசி வீண். அதே வாரம் மலைப்பாதையில் மண் சரிந்து, கீழே இருந்து வரவேண்டிய தக்காளியும் வெங்காயமும் வரவில்லை. இருப்பதைக் கெடுத்துவிட்டு வெறும் பருப்பு வைத்துச் சாப்பிட்டோம்.

அதற்குப் பிறகு முறையை மாற்றினேன். ஆய்ந்து வைப்பது வேறு, நறுக்கி வைப்பது வேறு. பீன்ஸ், அவரைக்கு நார் எடுப்பதோடு சரி, கழுவாமல் துணிப்பையில் போய்விடும். சமைக்கும் அன்று கழுவி ஒரு கட்டாகப் பிடித்து நறுக்க ஐந்து நிமிடம். கீரையை ஆய்ந்து, கழுவாமல், காய்ந்த வேட்டித் துணியில் சுருட்டி டப்பாவில் வைத்தால் மூன்று நாள் தாங்குகிறது. காலிபிளவரைத் துண்டில் பரப்பி நன்றாக உலரவிட்டால் நாலு நாள். உரித்த பட்டாணியைக் கொதிக்கும் தண்ணீரில் இரண்டு நிமிடம் போட்டு, உடனே குளிர்ந்த நீரில் அலசி, ஈரம் போக வைத்து பிரீசரில் வைத்துவிடுவேன். தேங்காய்த் துருவலும் பிரீசரில்தான். கோஸ், பீட்ரூட், மேரக்காய் (சௌசௌ) இவற்றை முன்கூட்டியே தொடவே மாட்டேன். நறுக்கி வைத்தால் வைட்டமின் சி குறையும் என்பதும் ஒரு காரணம். மழைக்காலத்தில் துணிப்பைகளை இரண்டு செட் வைத்துக்கொண்டு, காயாததை இஸ்திரி போட்டு எடுத்துவிடுகிறேன்.

எல்லாவற்றையும் விட அதிகம் உதவியது சமைக்கும் வரிசை. திங்கள், செவ்வாய் கீரை. புதன், வியாழன் பீன்ஸ், அவரை, காலிபிளவர். வெள்ளி, சனிக்கு கோஸ், கேரட், பீட்ரூட், நூல்கோல், மேரக்காய். சீக்கிரம் வாடுவது முதலில், தாங்குவது கடைசியில். இதை ஒரு தாளில் எழுதி பிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். "இன்றைக்கு என்ன காய்?" என்ற கேள்வியே வீட்டில் நின்றுபோனது. நான் பஸ்ஸில் வரும்போதே அத்தை பருப்பு வைத்துவிடுவார், வீட்டுக்காரர் சீக்கிரம் வந்தால் காயை நறுக்கி வைத்திருப்பார். யாரையும் கேட்க வேண்டியதில்லை. இந்த ஒரு தாளுக்கு நான் எத்தனை மதிப்பெண் வேண்டுமானாலும் கொடுப்பேன்.

மலையில் இருப்பவர்களுக்கு மட்டும் ஒரு விஷயம். குன்னூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,850 மீட்டர். இங்கே தண்ணீர் சுமார் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும், ஊட்டியில் இன்னும் ஒரு டிகிரி குறையும். கொதிக்கிறது என்று நினைப்போம், ஆனால் கீழ்நாட்டில் வேகிற வேகத்தில் வேகாது. கோயம்புத்தூரில் இருக்கும் என் தங்கை சொன்ன நேரக்கணக்கில் பீன்ஸ் பொரியல் செய்து, பிள்ளைகள் நறுக்நறுக்கென்று இருக்கிறது என்று ஒதுக்கிவிட்டார்கள். இப்போது பீன்ஸும் பீட்ரூட்டும் மூன்று லிட்டர் சின்னக் குக்கரில், கால் டம்ளர் தண்ணீர் தெளித்து ஒரு விசில், உடனே இறக்கிவிடுவது. பருப்புக்குத் தங்கை வைப்பதைவிட இரண்டு விசில் கூடுதலாக. ஒரு வீட்டுக்கு இரண்டு குக்கர் அவசியம் என்று சொல்வேன்: ஒன்றில் பருப்பு, ஒன்றில் காய், இருபது நிமிடத்தில் சாப்பாடு.

நடுவில் நாலு மாதம், வாரம் ஒரு காய்ப்பெட்டி வீட்டுக்கே கொண்டுவந்து தரும் ஏற்பாட்டையும் பயன்படுத்தினோம். சந்தைக்குப் போகும் நேரம் மிச்சமானது உண்மை. ஆனால் பெட்டி புதன்கிழமை மத்தியானம் வரும், வீட்டில் ஆய்வதற்கு ஆள் இருக்காது. எது வரும் என்று முன்கூட்டி தெரியாது. ஒரே வாரத்தில் புரோக்கோலி, சுகுனி, லீக்ஸ் மூன்றும் வந்தால், அத்தைக்கு அதில் என்ன குழம்பு வைப்பது என்றே தெரியவில்லை. இளம் தம்பதி, புதுச் சமையல் பிடிக்கும் என்றால் அவர்களுக்குச் சரியாக இருக்கலாம். எங்களுக்கு ஒத்துவரவில்லை, நிறுத்திவிட்டோம்.

பக்கத்து வீட்டு அக்கா படகர். அவர் வீட்டுக் கொல்லையில் மேரக்காய்ப் பந்தல் இருக்கிறது. கொடியின் இளங்கொழுந்தையே கீரையாகச் செய்யலாம் என்று அவர்தான் காட்டிக்கொடுத்தார். அவர் அனுப்பும் ‘அவரை உதக்க’ என்ற குழம்பு எங்கள் வீட்டுச் சாம்பாரைவிடப் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். ஊட்டிப் பக்கம் உறைபனி விழும் டிசம்பர், ஜனவரியில் கீரை கருகி சந்தைக்கு வரத்து குறைந்துவிடும். அப்போது அந்தப் பந்தல்தான் எங்களுக்குக் கை கொடுக்கிறது. பதிலுக்கு எங்கள் காய்த்தோலை அவர் உரக்குழிக்குக் கொடுத்துக்கொண்டிருந்தோம். ஒரு விடியற்காலை கோஸ் தழையைத் தேடி ஒரு காட்டெருமை வேலியைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து நின்றது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அன்றே இருவரும் சேர்ந்து இறுக்கமாக மூடும் டிரம் வாங்கிவிட்டோம். காய்த்தோலை வெளியில் திறந்து போடாதீர்கள் என்பதை நீலகிரியில் இருப்பவர்கள் தயவுசெய்து கவனிக்க வேண்டும். அது நமக்கும் ஆபத்து, அந்த விலங்குக்கும் ஆபத்து.

இன்னொரு சின்னத் தப்பையும் சொல்லிவிடுகிறேன். வெங்காயத்தையும் உருளைக்கிழங்கையும் ஒரே கூடையில் ஜன்னலோரம் வைத்திருந்தேன். உருளை முளைவிட்டது, வெளிச்சம் பட்டுப் பச்சையும் பிடித்தது. பச்சை பிடித்த கிழங்கு சாப்பிட உகந்தது இல்லை. இப்போது உருளை சாக்குப்பையில், மாடிப்படிக்கு அடியில் இருட்டில். வெங்காயம் சமையலறையில் காற்றாட. தக்காளியும் வாழைப்பழமும் கீரைக்குப் பக்கத்தில் வருவதே இல்லை, அவற்றின் வாயு பட்டால் கீரை சீக்கிரம் மஞ்சளாகிவிடும்.

செலவு அதிகம் இல்லை. துணிப்பை பத்து, அத்தையின் பழைய பருத்திப் புடவையில் தைத்தது. எவர்சில்வர் டப்பா நாலு. ஒரு தோல்சீவி. பத்து கிலோ வரை காட்டும் சமையலறைத் தராசு. சின்னக் குக்கர் ஏற்கெனவே இருந்தது. காய்ச் செலவு முன்பைவிடக் கூடியிருக்கிறது, ஆனால் குப்பைக்குப் போவது அநேகமாக இல்லை. எல்லா வாரமும் இது நடக்கிறது என்று சொல்ல மாட்டேன். கல்யாணம், பரீட்சை, அத்தைக்கு முட்டிவலி என்று மாதத்தில் ஒரு ஞாயிறு தவறிவிடும். அந்த வாரம் கோஸ், கேரட், மேரக்காய் மட்டும் வாங்கிவிடுவேன். ஆயும் வேலை கிடையாது, வாரம் ஓடிவிடும்.

போன மாதம் மறுபடியும் ஒரு வாரம் எடை போட்டேன். உருளைக்கிழங்கை விட்டுவிட்டு 11 கிலோ. தலைக்கு நாளுக்கு 300 கிராமுக்குச் சற்று மேல். ஊட்டச்சத்து நிறுவனம் சொல்லும் அந்த 400-க்கு இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கிறது. காலை டிபனில் காயே இல்லை என்பது கணக்குப் போட்டபோது தெரிந்தது. இந்த ஞாயிறு முதல் இட்லிக்குத் தேங்காய்ச் சட்னிக்குப் பதிலாக வாரம் மூன்று நாள் மேரக்காய்த் தோல் துவையலும் கேரட் சட்னியும் வைத்துப் பார்க்கிறோம். தாளில் அதற்கு ஒரு வரி புதிதாக எழுதியிருக்கிறாள் பெரியவள்.