விண்டோஸின் சொந்தத் துடைப்பமா, தனி கிளீனரா?

பெங்களூர் அல்சூரில் எதிர்வீட்டு அக்கா லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தார். "தம்பி, இந்த கிளீனர் மென்பொருள் 1,846 பிரச்சினைன்னு சிவப்பா காட்டுது. எஸ்.பி. ரோடு கம்ப்யூட்டர் கடைக்குக் கொண்டு போகணுமா?" பட்டியலை விரித்தால் பெரும்பாலும் குக்கீகள் (தளங்கள் நம்மை நினைவில் வைக்க விட்டுச்செல்லும் சிறு குறிப்புகள்), மிச்சம் பிரவுசர் கேஷ். கேஷ் என்றால், பார்த்த பக்கங்களின் படங்கள் போன்றவை, மறுமுறை சீக்கிரம் திறக்க பிரவுசரே எடுத்து வைத்தவை. வைரஸ் ஒன்றுகூட இல்லை.

செலவு
ஸ்டோரேஜ் சென்ஸ் (வேண்டாத கோப்புகளை அழிக்கும் விண்டோஸின் சொந்தத் துடைப்பம்): விண்டோஸோடு வருகிறது, இலவசம்.
கிளீனர்: ஸ்கேன் சும்மா, "சரிசெய்" அழுத்தினால் பல கிளீனர்கள் காசு கேட்கும்.

பலன்
தற்காலிகக் கோப்புகளை இரண்டும் அள்ளும்; பிரவுசர் கேஷை அள்ளுவது பெரும்பாலும் கிளீனர்தான். நாலு நாளில் கேஷ் திரும்ப நிரம்பிவிடும். அழித்தவுடன் தளங்கள் கொஞ்சம் மெதுவாகத்தான் திறக்கும். அக்காவுக்கு நிஜமாக இடம் கிடைத்தது வேறெங்கோ: பெரிய அப்டேட்டுக்குப் பின் தங்கிய பழைய விண்டோஸ் கோப்புகள், 17 ஜிபி!

ஆபத்து
ஸ்டோரேஜ் சென்ஸ்: 'தற்காலிகக் கோப்புகள்' பட்டியலில் டவுன்லோட்ஸும் நிற்கும். டிக் போட்டால் ஆதார் பிடிஎஃபும் போச்சு.
கிளீனர்: பல கிளீனர்கள் ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் தன் அமைப்புகளை எழுதி வைக்கும் பதிவேடு) கை வைக்கும். மைக்ரோசாஃப்டே அதை ஆதரிப்பதில்லை.

வீட்டு லேப்டாப்புக்கு முதலாவதே போதும். நாலைந்து பிரவுசர், ஏகப்பட்ட மென்பொருள் என்று வைத்திருப்பவர்களுக்கு கிளீனர் கைகொடுக்கும், ரெஜிஸ்ட்ரி பக்கம் மட்டும் போகாமல்.