டெலிவரி ஆப்பில் காசு போடமுன் இந்தக் கணக்கைப் பாருங்கள் (மட்டக்களப்பு, கல்முனை ஆக்களுக்கு)

சாப்பாடும் பலசரக்கும் வீட்டுக்குக் கொண்டுவந்து தரும் ஆப் ஒன்றை நம்பி மட்டக்களப்பிலும் கல்முனைப் பக்கமும் காசு கொடுத்தவர்கள் இப்போது கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறார்கள். கொஞ்சக் காலம் ‘லாபப் பங்கு’ வந்தது. பிறகு போனுக்கும் பதில் இல்லை. கம்பனியின் பெயரை எழுதவில்லை; இதே திட்டம் நாளைக்கு வேறு பெயரில் வரும். அவர்கள் காட்டிய வளர்ச்சித் திட்டத்தின் முதல் பக்கத்திலேயே ஓட்டை இருந்தது.

“இப்போது மாதம் 300 ஓடர், மாதாமாதம் 20 வீதம் கூடும்.” 20 வீதம் கேட்கச் சின்னதுதான். அதுவே 12 மாதத்தில் கிட்டத்தட்ட 9 மடங்கு, 36 மாதத்தில் 700 மடங்குக்கு மேல். மூன்றாம் வருட முடிவில் மாதம் 2,12,000 ஓடர் வரவேண்டும். மட்டக்களப்பு மாவட்டச் சனத்தொகையை 6 இலட்சம் என்று தாராளமாக வைத்து, வீட்டுக்கு 4 பேர் என்றால் ஒன்றரை இலட்சம் வீடு. வாகரை, வவுணதீவு, வெல்லாவெளி என்று ஒரு வீடு விடாமல் மாதம் ஒரு தடவைக்கு மேல் ஓடர் போட்டால்தான் அந்தக் கணக்கு சரிவரும். வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைக்கு அவர்கள் டெலிவரியே செய்யவில்லை!

அடுத்தது, “மாத வருமானம் நாலரை இலட்சம்.” 300 ஓடரை 1,500 ரூபாயால் பெருக்கிய தொகை அது. காசு கடைக்காரருடையது. கம்பனிக்கு 15 வீத கொமிஷன், ஓடருக்கு 225 ரூபா, மாதம் 67,500. விற்பனைப் பெறுமதியை வருமானம் என்று சொல்பவரிடம் மேற்கொண்டு பேச வேண்டியதில்லை.

ஒரு ஓடரை மட்டும் எடுத்துப் பாருங்கள். கொமிஷன் 225, டெலிவரிக் கட்டணம் 150, வரவு 375. ரைடருக்கு 220, வங்கிக் காட் கட்டணம் 45, பை, எஸ்எம்எஸ் 20, தள்ளுபடிக் கூப்பன் 200, செலவு 485. ஓடருக்கு 110 ரூபா நட்டம். “முதலில் ஆள் சேர்ப்போம், லாபம் பிறகு வரும்” என்றால் ஓடர் கூடக்கூட நட்டமும் கூடும். கூப்பனை நிறுத்தினால் 90 ரூபா மிஞ்சும். சம்பளம், வாடகை 6 இலட்சம் என்றால் அதை ஈடுகட்டவே மாதம் 6,667 ஓடர் வேண்டும், இப்போது இருப்பதைப்போல் 22 மடங்கு.

கூப்பனை நிறுத்தினால் எத்தனை பேர் மிஞ்சுவார்கள் என்பதுதான் உயிர்நாடி. ஆப்பைத் தரவிறக்கியவர் தொகையைக் காட்டுவார்கள், அதை விடுங்கள். ஒரு மாதத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் மூன்று மாதம் கழித்தும் கூப்பன் இல்லாமல் வாங்கினார்கள் என்று கேளுங்கள். அந்தத் தாளைத் தர மறுத்தால் எழும்பி வந்துவிடலாம். வளர்ச்சிக் கோடு நேராக ஏறினாலும் சந்தேகப்படுங்கள். கார்த்திகை, மார்கழி வெள்ளத்தில் ரைடர் ஓட முடியாது. நோன்பு மாதத்தில் காத்தான்குடி, ஏறாவூரில் பகல் சாப்பாட்டு ஓடர் குறையும். ஊரைத் தெரிந்தவன் போட்ட கோடு அந்த இடங்களில் வளைந்திருக்கும்.

இனி சட்டம். 2007ஆம் ஆண்டு 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டப்படி தனியார் கம்பனி பொதுமக்களுக்குப் பங்கு விற்க முடியாது; ஊழியர்களை விட்டுப் பார்த்தால் பங்குதாரர் 50 பேருக்கு மேல் இருக்கவும் கூடாது. வாட்ஸ்அப் குழுவில் பங்கு விற்கிறார்கள் என்றால் அங்கேயே பிழை. “மாதம் 4 வீதம் நிச்சயம், முதல் எப்போதும் திரும்ப எடுக்கலாம்” என்றால் அது பங்கே அல்ல, வைப்பு. மத்திய வங்கி அனுமதி இல்லாமல் வைப்பு எடுப்பது 2011ஆம் ஆண்டு 42ஆம் இலக்க நிதித்தொழில் சட்டப்படி குற்றம். பிரதேச செயலகத்தில் எடுத்த வியாபாரப் பெயர்ப் பதிவைக் காட்டி ‘அரசாங்கப் பதிவு’ என்பார்கள். கடை போடுவதற்கும் அதே பதிவுதான்.

ஏற்கெனவே கொடுத்தவர்கள் வங்கிச் சிட்டையையும் வாட்ஸ்அப் செய்திகளையும் அழிக்காமல் வைத்து, பொலிஸிலும் மத்திய வங்கியிலும் முறைப்பாடு கொடுங்கள். நீங்கள் கொடுத்த காசு கம்பனி உங்களுக்குத் தரவேண்டிய கடன்; அதைப் பங்காக மாற்றச் சொல்லி இப்போது ஒரு தாள் கொண்டுவருகிறார்களாம். கையெழுத்து வைக்கவேண்டாம். கம்பனி கலையும்போது கடன் கொடுத்தவருக்குப் பிறகுதான் பங்குதாரருக்கு முறை வரும்.