டொயோட்டா 86: செபாங் டிராக் டேக்கு ஏற்ற ரிம், டயர் அளவு

டொயோட்டா 86 கார் 2012இல் சந்தைக்கு வந்தபோது, பல நாடுகளில் அதன் 7 அங்குல அகல ரிம்மில் இருந்தது 215/45 ஆர்17 அளவுள்ள (215 மிமீ அகலம், அதில் 45 சதவீதம் பக்கச்சுவர் உயரம், 17 அங்குல ரிம்) மிஷலின் பிரைமசி எச்பி டயர். குறைந்த வேகத்திலேயே பின்பகுதி சற்று வழுக்கி ஓட்டுபவரை மகிழ்விக்க வேண்டும் என்ற எண்ணத்தோடு தேர்ந்த டயர் அது. ஊர்ச் சாலையில் அந்த எண்ணம் பலிக்கிறது. ஆனால் 5.543 கிலோமீட்டர் நீளமுள்ள செபாங் பந்தயத் தளத்தில், மலேசிய வெயிலில் காய்ந்த தார்ப்பரப்பின் மேல், சில சுற்றுகளிலேயே அது சூடேறிப் பிடிமானத்தை இழந்துவிடுகிறது. அதற்கு மாற்றாக 8 அங்குல அகலமும் 45 மிமீ ஆஃப்செட்டும் (ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து, அது காரில் பொருந்தும் முகம் தள்ளியிருக்கும் தூரம்) உள்ள என்கெய் ஆர்பிஎஃப்1 ரிம்மையும், 225/45 ஆர்17 அளவில் யோகோஹாமா அட்வான் நியோவா ஏடி09 டயரையும் இங்கே மதிப்பிடுகிறேன். டிராக் டேக்கு, அதாவது சொந்தக் காரைப் பந்தயத் தளத்தில் ஓட்டும் நாளுக்கு, காரைத் தானே ஓட்டிச் சென்று, மாலையில் அதிலேயே வீடு திரும்புகிறவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான இணை இல்லை என்பது என் முடிவு.

பலரை முதலில் ஈர்ப்பது 18 அங்குல ரிம்தான். 225/40 ஆர்18 டயரின் விட்டம் சுமார் 637 மிமீ. காரோடு வரும் டயரின் விட்டமோ 625 மிமீ. சக்கரம் பெரிதாகும் அளவுக்கு ஒவ்வொரு கியரும் நீண்டுவிடுவதால், 200 குதிரைத்திறனும் 205 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையும் மட்டுமே உள்ள இந்த எஞ்சின் வளைவை விட்டு வெளியேறும்போது மேலும் திணறும். எடையும் சக்கரத்தின் மையத்தை விட்டு வெளிப்புறம் நகர்கிறது, டயரின் விலையும் ஏறுகிறது. காரின் சொந்தப் பிரேக்குகள் 17 அங்குலத்துக்குள் தாராளமாக அடங்கும்போது 18க்குப் போக ஒரு காரணமும் இல்லை.

அகலத்தில்தான் உண்மையான யோசனை தேவை. 225/45 ஆர்17 டயருக்கு 7 முதல் 8.5 அங்குலம் வரையிலான ரிம் ஏற்றது என்றாலும், 7 அங்குலத்தில் அதன் பக்கச்சுவர் உள்நோக்கிக் கிள்ளப்பட்டு, ஸ்டியரிங்கைத் திருப்பியதும் கார் ஒரு கணம் தயங்குவதை உணரலாம். 8 அங்குலத்தில் பக்கச்சுவர் நிமிர்ந்து நிற்கிறது. செபாங்கின் 5ஆம் வளைவில் இடப்புறமும் உடனே 6ஆம் வளைவில் வலப்புறமுமாக வேகம் குறையாமல் சாயும் இடத்தில் இந்த வேறுபாடு தெளிவாகத் தெரிகிறது. 245/40 ஆர்17க்குக் குறைந்தது 8 அங்குலமும், நன்றாக அமைய 9 அங்குலமும் வேண்டும். கடும் பிரேக்கில் அது கூடுதலாகப் பிடிக்கும் என்பதை மறுக்க மாட்டேன். ஆயினும் சஸ்பென்ஷனையும் கேம்பரையும் (முன்னிருந்து பார்க்கும்போது சக்கரம் சாய்ந்திருக்கும் கோணம்) மாற்றாத காருக்கு அது மிகை.

இந்த 8 அங்குல ரிம் பழைய ரிம்மைவிட உட்புறம் 9.7 மிமீயும் வெளிப்புறம் 15.7 மிமீயும் கூடுதலாக இடம் பிடிக்கிறது. 7 அங்குல ரிம்மின் 48 ஆஃப்செட்டிலிருந்து கணக்கிட்ட அளவு இது. வேறு ரிம் வாங்குவோரும் இதே கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகே பணம் கொடுக்க வேண்டும். ரிம்மின் மையத் துளை 73 மிமீ, அது பொருந்தும் காரின் மையப் பகுதியான ஹப் 56.1 மிமீ என்பதால் இடையில் வளையம் அவசியம். பிரேக் சூட்டில் பிளாஸ்டிக் வளையம் இளகக்கூடும் என்பதால் அலுமினிய வளையமே நல்லது.

சூடான டயரில் காற்றழுத்தம் 34 முதல் 36 பிஎஸ்ஐக்குள் நிற்க வேண்டுமானால், காலையில் 28 அளவில் தொடங்கி, ஒவ்வோர் ஓட்டத்துக்குப் பிறகும் அளந்து காற்றை இறக்க வேண்டும். செபாங்கில் வலது வளைவுகளே மிகுதி என்பதால் இடது முன் டயர்தான் முதலில் தேய்கிறது. இந்தக் காரின் முன்சக்கரங்களில் கேம்பர் ஏறக்குறைய இல்லாததால், தேய்மானமும் வெளி ஓரத்திலேயே குவிகிறது. விலை குறைந்த கேம்பர் போல்ட் பொருத்துவது, டயரை மேலும் அகலமாக்குவதைவிடப் பயன் தரும்.

டோயோ ஆர்888ஆர் போன்ற டயர்கள் உலர்ந்த தளத்தில் இதைவிட விரைவானவை. ஆனால் பிற்பகலில் மழை கொட்டி நெடுஞ்சாலையில் நீர் தேங்கும்போது, ஆழமான பள்ளங்கள் உள்ள நியோவாவையே நான் நம்புவேன். இவ்வகை டயர்களுக்கே உரிய இரைச்சலையும், சாதாரண டயரைவிட விரைவான தேய்மானத்தையும் ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். ரிம்மை மாட்டும்போது நட்டுகளை 120 நியூட்டன் மீட்டருக்கு முறுக்கி, முதல் ஓட்டம் முடிந்து சக்கரம் ஆறியதும் மீண்டும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.