எக்கோ எடுக்கக் காரைக்குடியா, மதுரையா?

பள்ளத்தூரில் பஸ் ஏறினால் அரை மணி நேரத்தில் காரைக்குடி. மதுரைக்கு என்றால் அங்கிருந்து திருப்பத்தூர், மேலூர் வழியாக இன்னும் இரண்டு மணி நேரத்துக்கு மேல். எக்கோ என்பது நெஞ்சில் ஜெல் தடவி இதயத்தைப் பார்க்கிற ஸ்கேன்தானே, ஊசி இல்லை, கதிர்வீச்சு இல்லை, இதற்குப் போய் மதுரையா என்றுதான் நானும் நினைத்தேன். ஒன்றரை வருடத்தில் ஆத்தாவுக்கு 7 எக்கோ எடுத்தாயிற்று. இப்போது என் ஓட்டு மதுரைக்கு. பெரிய ஊர், பெரிய டாக்டர் என்பதற்காக இல்லை.

ஆத்தாவுக்கு இதயத்தில் எந்த வியாதியும் கிடையாது. இடது மார்பில் புற்றுநோய். மார்பை எடுத்துவிட்டுக் கீமோ கொடுத்தார்கள். முதலில் நான்கு முறை ஏற்றிய டாக்ஸோரூபிசின் பார்க்கவே செக்கச்செவேல் என்றிருக்கும். அன்று சிறுநீரும் சிவந்து போக, ஆத்தா பயந்தே போய்விட்டார்கள். அந்த மருந்து இதயத் தசையைப் பலவீனமாக்கக்கூடியது. ஏற்றிய மொத்த அளவு கூடக்கூட ஆபத்தும் கூடும். அடுத்து ஒரு வருடத்துக்குப் போட்ட டிராஸ்டுசுமாப் ஊசியும் இதயத்தின் பம்ப் வேலையைக் குறைக்கலாம், ஆனால் ஊசியை நிறுத்தினால் பெரும்பாலும் தேறிவிடும். மூச்சு வாங்க ஆரம்பிப்பதற்கு முன்பே இந்தச் சரிவை எக்கோவில் பிடித்துவிடலாம் என்பதால் தொடங்கும் முன் ஒன்று, ஊசிக் காலத்தில் மூன்று மாதத்துக்கு ஒன்று.

செலவு, அலைச்சல், காத்திருப்பு மூன்றிலும் காரைக்குடிக்குத்தான் மார்க். அதில் பேச்சே இல்லை.

முதல் எக்கோ மதுரையில். இ.எஃப். 64 சதவீதம். ஒவ்வொரு துடிப்புக்கும் இடது கீழறை தன்னிடமுள்ள ரத்தத்தில் எத்தனை சதவீதத்தை வெளியே தள்ளுகிறது என்பதுதான் இந்த எண்; பெண்களுக்கு 54க்கு மேல் இருந்தால் நல்லது. சிவப்பு மருந்து முடிந்ததும், ஆத்தாவை எதற்கு அலைக்கழிக்க வேண்டும் என்று காரைக்குடியில் ஒரு ஸ்கேன் சென்டரில் எடுத்தோம். 52 என்று வந்தது. 12 புள்ளி சரிவு. ஊசியைத் தொடங்க மாட்டேன் என்றுவிட்டார் புற்றுநோய் டாக்டர். அன்றைக்கு வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

அப்புறம் ரிப்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்த டாக்டர், "இது எம்-மோடில் எடுத்தது. முதலில் எடுத்தது சிம்ப்சன். இரண்டையும் எப்படி ஒப்பிடுறது? பழைய இடத்திலேயே இன்னொன்னு எடுத்துட்டு வாங்க" என்றார். மதுரையில் மறுபடி எடுத்தபோது 61. இரண்டு எக்கோவுக்கு இடையே மூன்று புள்ளி ஏறுவதும் இறங்குவதும் சகஜமாம். மறுவாரமே ஊசி தொடங்கியது.

வித்தியாசம் எங்கே என்று கேட்டுத் தெரிந்துகொண்டேன். எம்-மோடு என்பது இதயத்தின் ஒரே ஒரு கோட்டில் சுவர் எவ்வளவு அசைகிறது என்று அளந்து, மீதியைக் கணக்குப் போட்டுச் சொல்வது. சிம்ப்சன் முறையில் இதய நுனிப் பக்கமிருந்து இரண்டு கோணத்தில் படம் எடுத்து, அறையின் உள்விளிம்பை வரைந்து அளப்பார்கள். அந்த நுனிக்குப் புரோபை, அதாவது நெஞ்சில் வைத்துப் பார்க்கும் கருவியை, வைக்க வேண்டிய இடம் இடது மார்புக்கு அடியில். ஆத்தாவுக்கு அங்கேதான் தழும்பு. காரைக்குடியில் அந்தப் பெண், "வலிச்சா விட்டுர்றேன் ஆச்சி" என்று சொல்லி ஏழெட்டு நிமிடத்தில் முடித்துவிட்டது. மதுரையில் அரை மணி நேரம். இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்து, தழும்பின் ஓரத்தில் அழுத்தி, மூச்சை விட்டு நிறுத்தச் சொல்லி, மறுபடி அழுத்தி. ஆத்தா பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்கள். காரைக்குடிப் பெண்ணைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. பாவம் பார்த்ததுதான் வினையாயிற்று.

மதுரைப் பக்கம் நான் சாய இன்னொரு காரணம் ஸ்ட்ரெயின். தசை எவ்வளவு சுருங்குகிறது என்ற கணக்கு இது, இ.எஃப். இறங்குவதற்கு முன்பே இதில் சரிவு தெரியலாம். சுருங்குவதை அளப்பதால் மைனஸில் சொல்வார்கள். ஆத்தாவுக்கு மைனஸ் 20 இருந்தது மைனஸ் 18.5 ஆனது, அதாவது சுருக்கம் குறைந்திருக்கிறது. முதல் அளவிலிருந்து 15 சதவீதத்துக்கு மேல் குறைந்தால்தான் கவலையாம், இது ஏழரை. ஆனால் கம்பெனிக்குக் கம்பெனி மெஷினில் இந்த எண் மாறும். அதனால் அதே மெஷின், முடிந்தால் அதே ஆள். பழைய படத்தைப் பக்கத்தில் ஓடவிட்டுப் பார்க்கிற வசதி அங்கே இருக்கிறது.

எக்கோவின் பூர்வீகமே கப்பல் பட்டறைதான். ஒலி அலையை அனுப்பி இரும்பில் விரிசல் பார்க்கும் கருவி ஒன்றை இரவல் வாங்கித்தான் 1953இல் ஸ்வீடனில் எட்லர் என்ற டாக்டரும் ஹெர்ட்ஸ் என்ற இயற்பியலாளரும் இதயத்தின் அசைவை முதலில் பதிவு செய்தார்கள். விரிசல் இருக்கிறதா இல்லையா என்பதுதான் கேள்வி என்றால் காரைக்குடி தாராளமாகப் போதும். டயாலிசிஸ் செய்துகொள்ளும் எங்கள் அம்மானுக்கு இதயத்தைச் சுற்றி நீர் கோத்திருப்பதையும், பிரஷரில் சுவர் தடித்திருப்பதையும் அங்கேதான் கண்டுபிடித்தார்கள். சின்ன வயதில் மூட்டுக்காய்ச்சல் வந்தவருக்கு வால்வு சுருங்கியிருக்கிறதா என்பதும் அப்படித்தான். அதற்காக யாரும் மேலூர் தாண்ட வேண்டாம். கீமோவில் கேள்வியே வேறு: போன தடவைக்கு இந்தத் தடவை எவ்வளவு தேய்ந்திருக்கிறது?

முதல் எக்கோவையே காரைக்குடியில் எடுத்து, சிம்ப்சன் முறையில் அளக்கும் டாக்டரும் கிடைத்து, கடைசி வரை அவரிடமே போயிருந்தால் ஒருவேளை இதையே திருப்பிப் போட்டு எழுதியிருப்பேன். எனக்குத் தெரிந்தது ஒரு ஆத்தா, இரண்டு இடம், 7 எக்கோ. இதயத்தை எம்.ஆர்.ஐ.யிலும் அளக்கலாம், அந்தப் பக்கம் நாங்கள் போகவே இல்லை.

எங்கே எடுத்தாலும் முன்பே போன் போட்டு, "இ.எஃப். சிம்ப்சனில் அளப்பீங்களா, வீடியோவை சிடியில் தருவீங்களா?" என்று கேட்டுவிடுங்கள். ஆத்தாவின் சிடிகள் ஒரு மஞ்சப்பையில் இருக்கின்றன, தேதி எழுதி. கடைசி எக்கோவில் 62. மதுரைப் பஸ் குன்றக்குடியைத் தாண்டும்போது மட்டும் அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டு மலையைப் பார்த்துக் கும்பிட்டுக்கொள்வார்கள்.