சில்ட்ரன் ஆஃப் எ டெட் எர்த்: நீண்ட நாள் ஆடியபின் சில வார்த்தைகள்

விண்வெளிச் சண்டை விளையாட்டுகளில் பெரும்பாலானவை உண்மையில் விமானச் சண்டைதான். மேகத்துக்குப் பதிலாக நட்சத்திரங்களை ஒட்டியிருப்பார்கள். எஞ்சினை அணைத்தால் கப்பல் நின்றுவிடும், மூக்கைத் திருப்பினால் போகும் பாதையும் திரும்பிவிடும். 2016இல் ஸ்டீம் என்ற இணைய விளையாட்டுக் கடையில் வந்த சில்ட்ரன் ஆஃப் எ டெட் எர்த் என்ற கணினி விளையாட்டு அந்தப் பக்கமே போகவில்லை. சில ஆண்டுகளாக விட்டு விட்டு ஆடிவருகிறேன். இடையில் வேறு எதற்காவது போய், சலித்து, திரும்ப இங்கேயே வந்துவிடுகிறேன். எல்லாருக்கும் பரிந்துரைப்பேனா என்றால், மாட்டேன்.

இதில் சுடும் நேரம் ரொம்பக் கொஞ்சம். சண்டையின் முடிவு அதற்கு வெகு முன்னாலேயே, சுற்றுப்பாதை வரைபடத்திலும் கப்பலை வடிவமைக்கும் திரையிலும் ஏறக்குறைய தீர்மானமாகிவிடும். ஜாய்ஸ்டிக்கைப் பிடித்து வளைந்து வளைந்து பறக்க ஆசைப்படுபவர்கள் இந்த இடத்திலேயே விலகிக்கொள்ளலாம்.

கையிருப்பு என்பது இங்கே டெல்டா-வி. மொத்தத்தில் எவ்வளவு திசைவேக மாற்றம் மிச்சமிருக்கிறது என்ற கணக்கு. எஞ்சினிலிருந்து வாயு வெளியேறும் வேகத்துக்குச் சமமான டெல்டா-வி வேண்டுமென்றால், கிளம்பும்போது கப்பலின் எடை காலி எடையைப்போல் 2.7 மடங்கு இருக்க வேண்டும். இரண்டு பங்கு வேண்டுமென்றால் 7.4 மடங்கு. கவசத்தைக் கொஞ்சம் தடிமனாக்கினால் அந்த எடைக்கும் சேர்த்து உந்துபொருள் ஏற்ற வேண்டும். அப்புறம் தொட்டி பெரிதாகும், பெரிய தொட்டிக்கு இன்னும் கவசம் வேண்டும். இந்தச் சுழலுக்குள் மாட்டிக்கொண்டு இரவு முழுக்க ஒரு தோட்டாகூடச் சுடாமல் போன நாட்கள் உண்டு, அதில் எனக்கு வருத்தமும் இல்லை.

பாதைகளும் அப்படித்தான். ஒரே சுற்றுப்பாதையில் முன்னால் போகும் கப்பலைப் பிடிக்க வேகத்தைக் கூட்டினால், நாம் மேலே ஏறி இன்னும் பின்தங்குவோம். வேகத்தைக் குறைத்து, தாழ்ந்த பாதையில் ஒரு சுற்று முன்னேறிப் பிடிக்க வேண்டும். எதிர்த்திசையில் சுற்றி வந்து மோதுவது வேறு கதை. பூமியின் தாழ்ந்த சுற்றுப்பாதையில் அப்படிச் சந்தித்தால் ஒப்பு வேகம் நொடிக்கு 15 கிலோமீட்டரைத் தொடும். அந்த வேகத்தில் ஒரு கிலோ இரும்புத்துண்டின் ஆற்றல் சுமார் 27 கிலோ டிஎன்டி வெடிமருந்துக்குச் சமம். வெடிமருந்தே தேவையில்லை, வழியில் எதையாவது வீசிவிட்டுப் போனால் போதும்.

இவ்வளவு நாள் ஆடியும் எனக்கு அலுக்காத ஒன்று இருக்கிறதென்றால், அது வெப்பம். வெற்றிடத்தில் சூட்டைக் கடத்திக்கொண்டு போகக் காற்று கிடையாது; கதிர்வீச்சாக மட்டுமே வெளியேற்ற முடியும். கப்பலுக்கு மின்சாரம் தரும் அணு உலையின் திறன் 20 சதவீதம் என்றால், 100 மெகாவாட் மின்சாரம் எடுக்கும்போது 400 மெகாவாட் சூடு வீணாக வந்து நிற்கும். அதை ரேடியேட்டர்கள், அதாவது சூட்டைக் கதிர்வீச்சாக உமிழும் தகடுகள்தான், வெளியே தள்ள வேண்டும். ரேடியேட்டரின் வெப்பநிலையை இரட்டிப்பாக்கினால் அதே பரப்பு 16 மடங்கு சூட்டை வெளியேற்றும், ஆகவே சிறியதாகச் செய்துகொள்ளலாம். ஆனால் அவ்வளவு சூட்டில் உலையின் திறன் குறையும், தாங்கும் உலோகமும் கனமானதாக இருக்கும். இரண்டுக்கும் நடுவே ஒரு புள்ளியைத் தேடுவதுதான் பாதி ஆட்டம்.

தந்திரமும் இங்கிருந்துதான் பிறக்கிறது. ரேடியேட்டரைக் கவசத்துக்குள் மூடி வைக்க முடியாது, சிறகுபோல் விரித்துத்தான் வைக்க வேண்டும். அதனால் எதிரிக் கப்பலின் நடுவயிற்றைக் குறிவைப்பதை நான் எப்போதோ விட்டுவிட்டேன். முதலில் ரேடியேட்டர்களை அறுத்தெடுப்பேன். சூட்டை வெளியேற்ற வழியில்லாத உலையை ஓட்ட முடியாது. உலை நின்றால் லேசரும், மின்சாரத்தால் குண்டெறியும் ரெயில்கன்னும் வெறும் எடை. ஓட்டை விழாமலேயே ஒரு போர்க்கப்பல் செத்துப்போவதை வேறெந்த விளையாட்டிலும் இவ்வளவு தெளிவாக நான் பார்த்ததில்லை.

லேசர் என்றால் எவ்வளவு தூரமும் பாயும் என்ற நினைப்பும் இங்கே செல்லாது. தூரம் இரட்டிப்பானால் ஒளிப்புள்ளியின் விட்டமும் இரட்டிப்பாகும், ஒரே இடத்தில் விழும் சூடு கால்வாசியாகிவிடும். தொலைவிலிருந்து எரிக்க வேண்டுமென்றால் கற்றையைக் குவிக்கப் பெரிய கண்ணாடி வேண்டும். அந்தக் கண்ணாடியே நல்ல இலக்கு! எதிர்ப்பக்கத்துக்கும் வழி உண்டு. கப்பலை ஊசிபோல் ஒடுக்கி, கூர்முனையை எதிரியை நோக்கி வைத்தால் கற்றை சரிவான பரப்பில் நீண்டு பரவி வலுவிழக்கும்.

தோட்டாவின் சிக்கல் வேறு. நொடிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் போகும் குண்டு 100 கிலோமீட்டரைக் கடக்கப் பத்து நொடி ஆகும். அதற்குள் நொடிக்கு நொடி 1 மீட்டர் வீதம் வேகம் கூட்டும் கப்பல் 50 மீட்டர் நகர்ந்திருக்கும். ஆகவே ஒற்றைக் குண்டைவிடச் சிறு குண்டுகளைச் சரமாரியாக அனுப்புவதே புத்திசாலித்தனம். அணுகுண்டு வைத்த ஏவுகணையும் சினிமாவில் வருவதுபோல் இருக்காது. காற்றில்லாததால் அதிர்வலை இல்லை. வெளிப்படும் கதிர்வீச்சும் தூரத்தோடு வேகமாக நீர்த்துப்போகும், பக்கத்தில் போய்த்தான் வெடிக்க வேண்டும்.

குறைகளும் குறைவில்லை. மலிவான ஏவுகணைகளைக் கூட்டமாக அனுப்பினால் பல சண்டைகள் சுலபமாக முடிந்துவிடுகின்றன. இதனாலேயே சில பணிகளை ஏவுகணை இல்லாமல் முடிப்பேன் என்று எனக்கு நானே விதி போட்டுக்கொள்கிறேன். எதிரியை இயக்கும் கணினிக்குச் சூது போதாது. பொருட்கள் அதிகம் பறக்கும்போது என் கணினி திணறுகிறது. இடைமுகம் பற்றிப் பேசவே வேண்டாம், பொறியாளர் ஒருவர் தனக்காக எழுதிக்கொண்ட அட்டவணை மாதிரி இருக்கும்.

மற்றவற்றோடு வைத்துப் பார்த்தால்: 1993இல் வந்த ஃப்ரன்டியர் எலீட் 2 நியூட்டன் விதிகளை நம்பிக்கையோடு கொண்டுவந்தது, ஆனால் சண்டை இரு கப்பல்கள் ஒன்றையொன்று கடந்து கடந்து போவதாகச் சுருங்கியது. 2014இன் எலீட் டேஞ்சரஸ் வேகத்துக்கு உச்சவரம்பு வைத்து அதைத் தவிர்த்தது. ஆடச் சுகம், இயற்பியலில் சமரசம். 2022இல் முன்னோட்டப் பதிப்பாக வந்த டெர்ரா இன்விக்டா எனக்குப் பிடித்த நடுவழி. சண்டையின்போது ரேடியேட்டர்களை உள்ளிழுத்துக்கொண்டு, சூட்டைத் தேக்கியில் சேமிக்கலாம். அந்த ஒரு முடிவை எந்த நொடியில் எடுப்பது என்பதே பதற்றம் தரும். சொல்லப்போனால், 1962இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் எழுதப்பட்ட ஸ்பேஸ்வார் விளையாட்டிலேயே நடுவில் ஈர்ப்பு விசையுள்ள ஒரு நட்சத்திரம் இருந்தது. பின்னால் வந்தவர்கள் பலர் அதையும் கழற்றிவிட்டார்கள்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் வெறும் திரையிலிருந்து கப்பல் கட்ட வேண்டாம். கூடவே வரும் கப்பல் ஒன்றை எடுத்து, ரேடியேட்டரை மட்டும் மாற்றி, விருப்பப்படி சோதித்துப் பார்க்கும் சாண்ட்பாக்ஸ் பகுதியில் அதன் பழைய வடிவத்தோடேயே மோதவிட்டுப் பாருங்கள். அதன்பிறகு உலையைத் தொடலாம். பணித் தொடரை அவசரமாக முடிக்க வேண்டியதில்லை, கதை சுமார்தான்.