கல் தொங்கும் நகரம்: மாரோவிண்ட் விளையாட்டின் கோயில் ஆட்சி

விவெக் நகரத்து அரண்மனைக்குக் கீழே தண்ணீர் தேங்கிய ஒரு புதிர்க் கால்வாய் இருக்கிறது. கோயிலில் சேர்ந்த புதிதில் யாத்திரையாக அங்கே அனுப்பினார்கள். நடுவில் ஒரு கல்வெட்டு: அவருடைய மகிமையின் நீரைச் சுவாசித்தால் வழி தெளிவாகும் என்று. சரி, தண்ணீருக்குள் இறங்க வேண்டும், அவ்வளவுதானே என்று நினைத்து, நீரில் மூச்சுவிட உதவும் மருந்தைக் குடித்துவிட்டு மூழ்கினேன். ஒன்றும் நடக்கவில்லை. மூலை மூலையாகத் தேடினேன். மருந்தின் வீரியம் தீர்ந்து மூச்சு முட்டத் தொடங்கியபோதுதான் அந்த வரியின் பொருள் உறைத்தது. நிஜமாகவே தண்ணீரைச் சுவாசிக்க வேண்டும். உயிர்க்கோடு குறைந்துகொண்டே போகிறது, விரல் மேலே நீந்தும் பொத்தான் மேல் நிற்கிறது, அழுத்தக் கூடாது. செத்தோம் என்று நினைத்த நேரத்தில் வழி திறந்தது.

ஒரு மத ஆட்சி தன் குடிமக்களிடம் என்ன கேட்கிறது என்பதை இதைவிடச் சுருக்கமாகக் காட்டிய விளையாட்டு எனக்குத் தெரியாது. பெதெஸ்டா நிறுவனம் 2002 மே மாதம் கணினிக்கும், அடுத்த மாதம் எக்ஸ்பாக்ஸுக்கும் வெளியிட்ட மாரோவிண்டைப் பற்றித்தான் சொல்கிறேன். எல்டர் ஸ்க்ரோல்ஸ் வரிசையில் மூன்றாவது. சண்டை, மந்திரம், கொள்ளை பற்றியெல்லாம் பலர் எழுதிவிட்டார்கள். நான் அதன் கோயில் அரசாங்கத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். கதையின் முக்கியமான திருப்பங்களைச் சொல்லாமல் அதைப் பேச முடியாது. இன்னும் விளையாடாதவர்கள், விளையாடும் எண்ணம் இருந்தால், இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

முதல் முறை விளையாடியபோது கோயில் பக்கமே போகவில்லை. என் கண்ணுக்கு அது வில்லன்களின் கூடாரம். பல வருடம் கழித்து மறுபடி ஆரம்பித்தபோது, மாறுதலுக்காகக் கோயிலில் சேர்ந்து பார்த்தேன். முதல் முறை பாதி விளையாட்டைத்தான் பார்த்திருக்கிறேன் என்பது அப்போதுதான் தெரிந்தது.

நகரத்தின் அமைப்பிலேயே ஆட்சி எழுதப்பட்டிருக்கிறது. கடலுக்குள் கேண்டன் என்ற பெயரில் மலைபோன்ற அடுக்குக் கட்டடங்கள், நடுவே பாலங்கள், படகுகள். வெளியூர்க்காரர்களுக்கும் பேரரசின் சங்கங்களுக்கும் ஒதுக்கிய கேண்டன் வடகோடியில். பெரிய குடும்பங்களுடையவை இடையில். சாதாரண ஜனங்களும் கைவினைஞர்களும் வாழ்கிற இரண்டு கேண்டன்களுக்குப் புனிதர்களின் பெயர். தென்கோடியில் கோயில், அதையும் தாண்டி விவெக்கின் அரண்மனை. விவெக் என்பது நகரத்தின் பெயர் மட்டுமல்ல, அதை ஆளும் கடவுளின் பெயரும்கூட. உயிரோடு, அங்கேயே, பூட்டிய கதவுக்குப் பின்னால் இருக்கிறார். அவரோடு அல்மலெக்ஸியா, சோத்தா சில் என்ற இருவரையும் சேர்த்து ட்ரைப்யூனல் என்பார்கள். வெளிநாட்டானாக வடக்கில் வந்து இறங்கும் நீங்கள் கடவுளைப் பார்க்க முழு நகரத்தையும் கடந்து நடக்க வேண்டும். வரைபடத்தை விரித்துப் பார்த்தாலே யார் உள்ளே, யார் வெளியே என்பது தெரிந்துவிடும்.

அப்புறம் அந்தக் கல். கோயிலுக்கு மேலே, எந்தப் பிடிமானமும் இல்லாமல், ஒரு சின்ன நிலா அளவுக்குப் பாறை தொங்குகிறது. பித்துக் கடவுள் நகரத்தின் மேல் எறிந்தானாம், விவெக் அதை அந்தரத்திலேயே நிறுத்தினாராம். கடவுள் தங்களைக் காப்பாற்றினார் என்பதற்கு ஜனங்கள் நிமிர்ந்து பார்த்தாலே போதும், சாட்சி தலைக்கு மேலே இருக்கிறது. அந்தப் பாறையைக் குடைந்து கோயில் என்ன செய்திருக்கிறது தெரியுமா? சிறை. மாற்றுக் கருத்து பேசும் பூசாரிகளை அடைக்கும் சிறை. அதற்குப் பெயர் சத்திய அமைச்சகம். அற்புதத்தின் உள்ளேயே சிறையை வைத்த அந்தக் கற்பனைக்காக மட்டுமே இந்த விளையாட்டுக்கு முழு மதிப்பெண் கொடுப்பேன். மக்களைக் காத்த கல்லும் மக்களை அடைக்கும் கல்லும் ஒரே கல்.

காவலுக்கு ஆர்டினேட்டர்கள். பொன்னிற முகமூடி, அதில் அசையாத ஒரு முகம். நீங்கள் ஒரு தப்பும் செய்யாமல் நடந்து போனாலும் கவனித்துக்கொண்டிருக்கிறோம் என்று மிரட்டுவார்கள். அவர்களுடைய தலைக்கவசம் ஒன்று எனக்குக் கிடைத்தது. நல்ல கவசம் என்று மாட்டிக்கொண்டு ஒரு ஆர்டினேட்டரிடம் பேச்சுக் கொடுத்தேன். புனித உடையை அவமதித்தவன் என்று கத்தியை உருவிவிட்டான். கழற்றிய பிறகும் பயனில்லை, சாக வேண்டியவர்கள் பட்டியலில் என் பெயர் ஏறிவிட்டது. திருட்டுக்கு அபராதம் கட்டினால் மன்னிப்பு உண்டு, இதற்குக் கிடையாது. கோயில் எதைப் பெரிய குற்றமாகக் கருதுகிறது என்று யாரும் எனக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

இதெல்லாம் வெளியிலிருந்து தெரிவது. உள்ளே போனால் வேறு. கோயிலில் சேர்ந்ததும் உங்களை ஆளடக்க அனுப்ப மாட்டார்கள், ஏழு அருள்களின் யாத்திரைக்கு அனுப்புவார்கள். அதில் கும்மு வயல்வெளி எனக்கு மறக்கவே மறக்காது. ஏழை விவசாயி ஒருவனுடைய உழைப்பு மிருகம் செத்துப்போனது. அறுவடை செய்ய வழியில்லை. விவெக் தன் பட்டுடையைக் கழற்றி வைத்துவிட்டு, அந்த மிருகத்தின் இடத்தில் தானே இறங்கி, அறுவடை முடியும்வரை வேலை செய்தாராம். அந்த இடத்துப் பீடத்தில் நீங்கள் படைக்க வேண்டியது பொன்னல்ல, மக் என்கிற மதிப்பில்லாத வயல் விளைச்சல் ஒரு கை. கதவுக்குப் பின்னால் இருக்கும் ஆட்சியாளர் இப்படி ஒரு கதையைத் தன் மக்கள் நடந்து போய்க் கேட்க வேண்டும் என்று வைத்திருக்கிறார். அந்தக் கதை பொய்யாக இருந்தாலும்கூட, அதைக் கேட்டு வளர்ந்தவனுக்குப் பணிவு வந்திருக்கும் இல்லையா?

மௌன யாத்திரை இன்னொன்று. போய்ச் சேரும்வரை யாரிடமும் பேசக் கூடாது. படகுக்காரனிடம் கூடப் பேச முடியாது, அதனால் படகில் ஏற முடியாது. நடந்தும் நீந்தியும் போனேன். வழியில் நின்ற ஒரு பெண்ணை என்னவென்று கேட்காமல் கடந்தது உறுத்தியது. விரதத்தைக் காப்பாற்ற ஒரு மனிதரைக் கடந்து போனேன். விளையாட்டு அதை ஒரு வார்த்தையாலும் சுட்டிக்காட்டவில்லை. அதனாலேயே அது மனதில் தங்கியது.

கோயில் கொடுக்கும் வேலைகளில் என்னைக் கலங்கடித்தது ஒன்று உண்டு. சூரான் என்ற ஊரில் ஒருவன், பழைய வீரர் நெரவாரின் மறுபிறப்பு நான்தான் என்று சொல்லிக்கொண்டு திரிகிறான். அவனை வாயடைக்க வேண்டும். நயமாகப் பேசியே அவன் மனதை மாற்றினேன், அவனும் தன் தவறை ஒப்புக்கொண்டான். பாராட்டும் கிடைத்தது. ஆனால் விளையாட்டின் மையமான மூலக்கதையில் அதே மறுபிறப்பு என்று சொல்லிக்கொண்டு போகப்போகிறவன் நான்தான்! கோயிலின் கையாக இருந்து ஒருவனுடைய நம்பிக்கையைக் கலைத்துவிட்டு, அடுத்த வாரம் அதே குற்றத்துக்காகக் கோயிலிடமிருந்து ஓடுகிறேன். இரண்டு வழிகளையும் ஒருசேர நடந்தவர்களுக்குத்தான் இந்த அடி விழும்.

மேரா மைலோ என்ற பூசாரி கோயில் நூலகத்தில் வேலை செய்கிறாள். தடைசெய்த ஒரு நூலைத் தேடிப் படிக்கச் சொல்பவள் அவள்தான். மூவரும் உண்மையில் கடவுளரா, தலைமைப் பூசாரிகளுக்கு இந்த அதிகாரம் எங்கிருந்து வந்தது, சித்திரவதை எந்த வேதத்தில் இருக்கிறது என்று கேட்கும் நூல் அது. எழுதியவர்கள் நம்பிக்கையைத் துறந்தவர்கள் அல்லர், கோயிலை நேசிப்பதால் கேட்பவர்கள். சில நாளில் அவள் காணாமல் போகிறாள், தேடினால் மேலே, கல்லுக்குள். பறக்கும் மந்திரத்தோடு மேலே போனேன். வாசலில் இருந்த காவல்காரியிடம் விஷயத்தைச் சொன்னதும் அவளே சாவியைக் கொடுத்துவிட்டாள். கத்தியோடு போயிருந்தால் இந்த மனசாட்சி இருப்பதே தெரிந்திருக்காது.

கடைசியில் விவெக். பாதி உடல் பொன்னிறம், பாதி சாம்பல் நிறம், அந்தரத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கிறார். கேட்டால் மறைக்காமல் சொல்கிறார். செந்நிற மலைக்கு அடியிலுள்ள ஒரு பழைய கடவுளின் இதயத்திலிருந்து எடுத்த சக்தி இது. விளையாட்டின் கணக்கில் இரண்டாம் யுகம் 882இல் மூவரின் பழைய எதிரியான டகோத் ஊர் என்பவன் விழித்து அந்த மலையைப் பிடித்துக்கொண்டான். அன்று முதல் சக்தியைப் புதுப்பிக்க வழியில்லை. 400 ஆண்டுகளுக்கு மேலாகக் குறைந்துகொண்டே வரும் பலத்தை வைத்துத்தான் மலையைச் சுற்றிய ஆவி வேலியைத் தாங்கிப் பிடித்திருக்கிறார். வேலி விழுந்தால் கொள்ளைநோய் நாடு முழுக்கப் பரவும். ஆக, பாதுகாப்பு உண்மை, அற்புதம் உண்மை, ஆனால் அவர் சொல்லும் பூர்வகதையில் ஒரு கொலை மறைந்திருக்கிறது. நெரவாரை மூவரும் கொன்றார்களா என்பதற்கு விளையாட்டில் ஒன்றுக்கொன்று பொருந்தாத பல கூற்றுகள் உண்டு. விவெக்கின் பெயரில் 36 பாடங்கள் கொண்ட வேதம் ஒன்று இருக்கிறது. 29ஆம் பாடத்தில் தரப்பட்ட எண்களை வைத்து 36ஆம் பாடத்தின் சொற்களை எண்ணினால் ஒரு வாக்குமூலம் வரும். அவர் கடவுளாகப் பிறக்கவில்லை, கடவுள்தன்மையைத் திருடினார், கொன்றார், இதை எழுதியது விவெக் என்று. கோயில் அச்சிட்டு ஊரெல்லாம் கொடுக்கும் புனித நூலில்! ஒரு தாளில் எண்களை எழுதி ஒவ்வொரு சொல்லாக எண்ணிய அந்த ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

குறைகளும் உண்டு, அவை சின்னக் குறைகள் அல்ல. வழக்கு நடப்பது, வரி வாங்குவது, ஒரு குடும்பம் சிறையிலிருக்கும் தன் ஆளுக்காக அலைவது எதையும் காண முடியாது. ஆட்சியின் அன்றாடம் இல்லை. ஊர்மக்கள் பலர் ஒரே பதிலை ஒப்பிக்கிறார்கள். துரத்திக்கொண்டிருந்த கோயில், தலைமைப் பூசாரி ஒருமுறை பேசியதும் சமாதானம் ஆகிவிடுகிறது, பல நூறு ஆண்டுப் பிடிவாதம் இவ்வளவு சீக்கிரம் இளகுவதை என்னால் நம்ப முடியவில்லை. கேண்டன்களுக்குள் அடுக்கு மாறும்போதெல்லாம் கதவும் லோடிங்கும், எல்லாம் ஒரே சாயலில் இருப்பதால் வழி தவறுவது நிச்சயம். இலக்கைக் காட்டும் அம்புக்குறி இல்லாததை மட்டும் நான் குறையாகச் சொல்ல மாட்டேன். யாத்திரை என்றால் வழி கேட்டுத்தான் போக வேண்டும்.

இப்போது விளையாட நினைப்பவர்கள் ஓபன்எம்டபிள்யூ என்ற திறந்த மூல இயந்திரத்தில் ஓட்டுங்கள், புதிய கணினிகளில் சிக்கலில்லாமல் போகும். ட்ரைப்யூனல் என்ற விரிவாக்கத்தைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். அது அல்மலெக்ஸியாவின் நகரம், சக்தி வற்றிய கடவுள் ஆட்சியை விட மனமில்லாமல் என்ன ஆகிறாள் என்று காட்டுகிறது, ஆனால் விவெக் நகரத்தின் ஆழம் அதில் இல்லை. எல்லாவற்றுக்கும் முன்னால் கோயிலில் சேருங்கள். நான்கைந்து யாத்திரையாவது முடித்த பிறகு மூலக்கதையைத் தொடுங்கள்.

டகோத் ஊரை வீழ்த்தி, மலைக்கடியில் அந்த இதயத்தை அழித்த பிறகு ஒருநாள் கும்மு வயல்வெளிக்குப் போனேன். விவெக்கின் சக்திக்கு ஊற்று இனி இல்லை. வேலையும் எதுவும் மிச்சமில்லை, யாரும் அனுப்பவில்லை. வயலோரத்தில் கொஞ்சம் மக் பறித்துப் பீடத்தில் வைத்தேன். ஆசீர்வாதம் முன்பு போலவே வந்தது.